இஸ்திரிக்கார அக்காவுக்கு வந்த பாராட்டுக் கடிதம்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் இஸ்திரிக்கார அக்கா. மருத்துவமனைக்காரர்களின் வெள்ளைக் கோட்டுகளைத் தேய்த்துக் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இருபத்திரண்டு வயது மகளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. காலையில் மாற்றுத்திறனாளிகள் உதவி மையத்தின் வேன் வந்து மகளைப் பகல்நேரப் பராமரிப்பு இல்லத்துக்கு அழைத்துப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். நடுவில் கிடைக்கும் நேரத்தில்தான் அக்காவின் பிழைப்பு. தொழிலைக் கற்றுக்கொடுத்து, இஸ்திரிப் பெட்டி வாங்கிக் கொடுத்ததும் அதே மையம்தான். அவள் நன்றி கெட்டவள் இல்லை.

போன மாதம் மையத்திலிருந்து ஒருத்தன் படிவத்தோடு வந்தான்.

"சொந்தமா சம்பாதிக்கிறீங்களா?"

"பின்னே? யார் கையையும் எதிர்பார்க்கல," என்றாள் பெருமையாக.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பத்தாம் நாள் கடிதம் வந்தது. உங்கள் குடும்பம் சுயசார்பு பெற்றுவிட்டது, பாராட்டுகள், திங்கள் முதல் வேன் வராது. எந்த மகராசன் மூளையில் உதித்த யோசனையோ! மேலே ஏறி நிற்பவளைப் பார்த்து, ஏறிவிட்டாளே, இனி ஏணி எதற்கு என்று உருவிக்கொண்டு போன கதைதான்.

திங்கட்கிழமை அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மகள், "அம்மா, அவசரம்!" என்றாள். போட்டது போட்டபடி ஓடினாள். மகளைத் தூக்கிக் கழிப்பறையில் உட்காரவைத்துவிட்டு வருவதற்குள் கோட்டின் முதுகில் பெட்டி பழுப்பாகத் தீய்த்திருந்தது. ஆறு வருஷத்தில் இது முதல் தடவை. இன்னொன்று தீய்ந்தால் மருத்துவமனை வேலை கைவிட்டுப் போகும்.

மறுநாள் மகள், சக்கர நாற்காலி, துணி மூட்டை, மடக்கு மேசை, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மையத்துக்கே போனாள். மேலாளர் அம்மாளின் அறையில் மேசையை விரித்து, பிளக்கைச் செருகினாள்.

"என்னம்மா இது, ஆபீஸ்ல வந்து?"

"நீங்க வேனைத்தானே நிறுத்தினீங்க மேடம்? என் வேலை நிக்காது."

"சம்பாதிக்கிற குடும்பத்துக்கு வேன் கிடையாதும்மா. விதி அப்படி."

"வேன் வந்ததாலதானே சம்பாதிச்சேன்! இதுகூடவா புரியல?"

மேலாளர் காவலாளியைக் கூப்பிடப் போனை எடுத்தார். அதற்குள் மகள் குரல் கொடுத்தாள்.

"மேடம், எனக்கு பாத்ரூம் போகணும். அம்மா கை வேலையா இருக்கு. நீங்க தூக்கி விடுறீங்களா?"

மேலாளர் அக்காவைப் பார்த்தார். அக்கா கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் மேலாளர் குனிந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

"இன்னொரு தடவை பாருங்க மேடம்," என்றாள் மகள். "எங்கம்மா ஒரே ஆளாத்தான் தூக்குவாங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவை."