கிடுகின் மேல் ஓடிய விமானம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் இலஞ்சிக்கு அருகே, தரிசாகக் கிடந்த ஒரு நெல்வயலில் இரும்புப் பாய் விரித்து, அதன் மேல் ராணுவ விமானத்தை ஓடவிட்டுப் பார்த்தோம். பாய் என்றால் துளை போட்ட நீளத் தகடுகள். கொக்கியால் மாட்டினால் ஓடுதளம், கழற்றினால் லாரிச் சுமை. சேற்று நிலத்தில் அது தாங்குமா என்பதுதான் சோதனை. சென்னையில் பொறியியல் முடித்த கையோடு, அளவெடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது.

மேலதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார்: "தகடு எங்கேயாவது மூணு அங்குலத்துக்கு மேலே இறங்கினா சோதனை தோல்வி. நீங்க ஆபீஸ்ல போய் உட்கார்ந்து படம் வரையலாம்." ஆபீஸில் மின்விசிறி உண்டு. இங்கே சாரலும் சகதியும்தான். ஆனாலும் இங்கே இருக்கத்தான் எனக்கு ஆசை.

துளை வழியாகச் சேறு பொங்காமலிருக்க, தகட்டுக்கு அடியில், கூரை வேய முடையும் தென்னோலைக் கிடுகு பரப்பினோம். பரப்பியவர்கள் இலஞ்சிப் பெண்கள். நோட்டும் பென்சிலுமாகத் திரிந்த என்னை, அவர்களின் மேஸ்திரியான அக்கா டீச்சர் என்றே முடிவுகட்டிவிட்டார்.

"எப்படிப் போடணும், டீச்சரம்மா?"

"கூரைக்குப் போடுற மாதிரிதான்," என்றேன்.

விமானம் ஓடத் தொடங்கியது. ஓட்டத்துக்கு ஓட்டம் குறித்துக்கொண்டே வந்தேன். மேற்குப் பாதி அரை அங்குலத்தில் நின்றுவிட்டது. கிழக்குப் பாதி ஒன்று, ஒன்றரை, இரண்டேகால் என்று இறங்கிக்கொண்டே போயிற்று. பாதி வயலுக்கு மட்டும் ஏன் கோபம்? ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி, கிழக்கே ஒரு தகட்டைக் கழற்றினோம். கிடுகுக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"கூரை மாதிரின்னுதான சொன்னிய?" என்றார் அக்கா. "வயலு பூரா ஒரே சரிவு. மேக்க தாழ்வாரம், கெழக்க முகடு. வரிசை தப்பாமத்தான் அடுக்கியிருக்கோம்."

அடுக்கு அப்பழுக்கில்லாமல்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் வடிவதற்காக வயலின் நடுவை லேசாக உயர்த்தி, இருபுறமும் சரிவு கொடுத்திருந்தோம். அதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. கிழக்கே வழிந்த மழைநீர் அடுக்குகளின் வாய்க்குள் நேராகப் புகுந்திருந்தது.

"இதுல நடுவுல மேடா?" அக்கா குனிந்து பார்த்தார். "அப்பளம் இதவிட மேடா இருக்கும்."

பின்னாலிருந்து ஒரு பெண், "ஏட்டி, டீச்சரே பரீட்சையில கோட்ட விட்டுட்டாவ," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், கொஞ்சம் தாமதமாக.

அறிக்கையில் நான்கு வரிகள் எழுதினேன். தகடு: குறையில்லை. மண்: எதிர்பார்த்தபடி. கிடுகு: கிழக்குப் பாதியில் எதிர் அடுக்கு. காரணம்: நான் கொடுத்த உத்தரவு. நான்காவது வரிக்குத்தான் நேரம் பிடித்தது.

மேலதிகாரி இரண்டு முறை படித்தார். "கடைசி வரி இல்லேன்னா மண்ணு மேலே பழி போட்டுட்டுப் போயிருப்பேன்."

"அப்போ அடுத்த வயல்லயும் இதே மாதிரிதான் போட்டிருப்பாங்க, சார்."

"ஒரு நாள் தரேன்," என்றார்.

கிழக்கே சேற்றை வழித்து, மணல் கொட்டி, கிடுகைத் திருப்பி அடுக்கினார்கள். மறுநாள் எல்லா ஓட்டங்களும் முடிந்தபோது அங்கே ஓர் அங்குலம்கூட இறங்கியிருக்கவில்லை. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். "அடுத்த வாரம் இதைவிடக் கனமான விமானம் வருது. நீங்களே அளவெடுங்க."

வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"கனமானதா?" என்றார். "அப்ப கிடுகு எத்தனை வேணும்னு இப்பமே சொல்லிருங்க. முடையணும்லா."