கார் ஷெட்டில் ஒரு மெஷின்

சகாய ஆண்டனி புதுக் கார் எடுக்கப்போகிறார், அண்ணன் மரியசூசை வீட்டுக் கார் ஷெட்டில் நிறுத்திக்கொள்ளலாம் என்று குடும்பமே பேசி முடித்த வாரத்தில்தான் அண்ணன் மகள் பெல்சியின் பெட்டிகள் பார்சலில் வந்து இறங்கின. உள்ளே இரும்புத் தண்டுகள், மோட்டார்கள், கட்டுக்கட்டாக வயர். கம்ப்யூட்டரில் வரைந்ததைப் பலகையில் தானே செதுக்கித் தரும் சிஎன்சி ரூட்டர் அது. கப்பலில் சமையல் வேலை, பிறகு லிஸ்பனில் படகு செய்யும் ஒரு பட்டறை என்று எட்டு வருடம் சுற்றிவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவள், யாரையும் கேட்காமல் ஷெட்டைப் பெருக்கி மெஷினைப் பொருத்தத் தொடங்கிவிட்டாள்.

"இதுல என்னத்தா வருமானம்?" என்றார் சித்தப்பா ஆண்டனி.

"ஒண்ணும் வராது. எனக்குப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்குன்னா?"

"நீங்க காலையில ஷட்டில் ஆடப் போறீகளே, அதுல எம்புட்டு வருது?"

அம்மா பவுலின் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் ஒரு ஜெபமாலையோடு வந்து, மெஷினில் வெட்டும் பிட் மாட்டுகிற இடத்திலேயே அதைத் தொங்கவிட்டாள். சுழலும்போது சுற்றிக்கொள்ளும் என்று சொல்லி, பெல்சி அதைச் சுவர் ஆணிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

"நீ வந்தவ, போயிருவ. என் கார் இங்குட்டே கெடக்கும்" என்றார் சித்தப்பா.

"கெடக்குறதுக்கா சித்தப்பா கார் வாங்குறீக?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் சாமியார் மந்திரித்த காரோடு சித்தப்பா நேராக ஷெட் வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே மெஷின் தன் முதல் வட்டத்தை வெட்டிக்கொண்டிருந்தது. மரத்தூள் பறந்தது. ஸ்டாண்ட் கிடுகிடுவென்று ஆடியது. பெல்சி பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வட்டம் ஒருபக்கமாக நீண்டிருந்தது.

"என்னண்ணே, மெஷின் முட்டை போட்டிருக்கு!" என்று சித்தப்பா உள்ளே நின்ற அண்ணனிடம் சிரித்தார்.

மரியசூசைக்கு மகளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "கழட்டி மாடியில வச்சுக்கம்மா. பொறவு பாத்துக்கலாம்."

பெல்சி ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். குமிழி ஓரத்துக்கு ஓடியது. கார் கழுவுகிற தண்ணீர் வடிவதற்காகத் தரையையே சாக்கடைப் பக்கம் சரித்துப் போட்டிருந்தார்கள். பள்ளமான பக்கத்துக் காலுக்கு அடியில் அவள் வைத்திருந்த அட்டை, மெஷின் ஓடிய ஆட்டத்தில் நழுவி வெளியே கிடந்தது. ஒரு கால் தொங்க, சட்டம் முறுக்கிக்கொண்டது. அதனால்தான் வட்டம் கோணிவிட்டது. கால்களை மட்டம் பார்த்துத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும்.

டிரில்லை எடுத்தாள்.

"ஏய், ஏய்! தரையில ஓட்டையா? அண்ணே, சொல்லுங்கண்ணே! நாளைக்கு இவ போயிட்டா?"

"போவேன் சித்தப்பா. திரும்பி வருவேன். மறுபடியும் போவேன்." மூலையைக் கைகாட்டினாள். அங்கே உறை போட்டு மூடிய ஒரு பைக் நின்றது. "அண்ணன் கனடா போயி அஞ்சு வருசமாச்சு. அவன் வண்டிய எடுன்னு யாராச்சும் சொன்னீகளா?"

"அவன் ஆம்பளப் புள்ள, என்னைக்கிருந்தாலும்..." என்று தொடங்கியவர், வாசலில் நின்ற பவுலினின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எனக்கும் இந்த வீட்டுல ஒரு இடம் வேணும்பா" என்றாள் பெல்சி, அப்பாவைப் பார்த்து. "நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

அவர் சரி என்பதற்குக் காத்திருக்கவில்லை. டிரில் தரையில் இறங்கியது. சிமெண்டுத் தூள் அவள் முழங்கால்வரை வெள்ளையடித்தது.

மரியசூசை அந்த முதல் ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டாண்ட் நகராமல் மறுபக்கம் அழுத்திப் பிடித்தார்.

"ஆண்டனி, வண்டிய அங்குட்டு வேப்பமரத்தடியில நிப்பாட்டுப்பா."

மரத்தில் காக்காய்கள் அடைகின்றன என்று பவுலின் கத்திச் சொன்னாள். டிரில் சத்தத்தில் அது சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை.