பச்சை விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது

என் மகளுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. தஞ்சாவூரில் தினமும் மதியம் இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றுவிடும் காலம். மருத்துவக் கல்லூரி சாலைக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் குழந்தையும் மட்டும் இருந்தோம். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்ததும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று அலுவலகத்தில் கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன்.

அப்படிக் கொடுத்த முதல் பெரிய வேலை, சீர்காழிப் பக்கம் உள்ள ஒரு பெண்கள் கல்லூரியின் சர்வர். அதில் இருந்த லினக்ஸ் இயங்குதளம் மிகப் பழையது. புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். நேரில் போக வேண்டியதில்லை. இங்கே கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினால் அங்கே வேலை நடக்கும். ஆனால் அந்த வருடம் விண்ணப்பித்த பெண்கள் எல்லோருடைய விவரமும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. திங்கட்கிழமை சேர்க்கை.

முதல் நாளே எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்தேன். எங்கே? அதே பெட்டியில், இன்னொரு இடத்தில். பெட்டி கெட்டால் பிரதியும் சேர்ந்தே போய்விடும். இதை இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் குழந்தை தூங்கினாள். அப்போதே தொடங்கியிருந்தால் ஒன்றரைக்குள் முடிந்திருக்கும். ஆனால் காலண்டரைப் பார்த்தேன். பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. கணினி படித்த நானேதான், எதற்கு வம்பு என்று துணி துவைக்கப் போனேன். பன்னிரண்டுக்கு மேல் உட்கார்ந்தபோது குழந்தை எழுந்துவிட்டாள். ஒரு கையில் அவள், மறு கையில் விசைப்பலகை. இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை தொடரும்படி செய்ய ஒரு வழி உண்டு. தொடங்கும் முன் ஒரே ஒரு சொல்லைத் தட்டினால் போதும். அவள் அழுத அழுகையில் அது மறந்துபோயிற்று.

சரியாக இரண்டு மணிக்கு மின்விசிறி நின்றது. லேப்டாப் ஓடியது, மோடம் அணைந்தது. திரையில் பாதி வரியோடு எழுத்துகள் உறைந்துவிட்டன. பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்திக்கொண்டிருந்த நேரம் அது.

உடனே கல்லூரியின் கணினிக்கூட உதவியாளருக்குப் போன் செய்தேன். கூடத்தைத் திறப்பது, பெருக்குவது, ஜெனரேட்டர் போடுவது எல்லாம் அவர் வேலை. பார்த்ததில்லை, போனில் அக்கா என்றே கூப்பிடுவேன். சர்வரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றேன். ஏதாவது நின்றுபோனால் அணைத்துப் போடுவதுதானே நம் எல்லோருக்கும் கை போகும் வழி.

அவர் நடந்துபோகும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"மேடம், ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு இருக்குல்ல, அதுக்குக் கீழ ஒரு பச்சை லைட்டு விடாம மின்னுதுங்க. சும்மா இருந்தா இப்படி மின்னாது. உள்ள என்னமோ வேலை பாத்துக்கிட்டு இருக்கு. இப்ப அணைச்சா பரவாயில்லைங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறுந்தது என் பக்கத்து இணைப்பு மட்டும். அந்தப் பெட்டி இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. எழுதும்போது மின்சாரத்தைப் பிடுங்கியிருந்தால் பாதிப் பழையதும் பாதிப் புதியதுமாக, திரும்ப எழாமலே போயிருக்கலாம்.

வேண்டாம், தொடாதீர்கள் என்று கிட்டத்தட்டக் கத்தினேன். அதில் பயந்து குழந்தை வீறிட்டாள்.

"பாப்பாவை முதல்ல தூக்கிக்கங்க. நான் போனை வெக்கல, இங்கயேதான் நிக்கிறேன்" என்றார்.

அப்படியே நின்றார். மின்னுகிறது, நின்றுவிட்டது, இல்லை மறுபடி மின்னுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "நம்ம ஊரு கரண்டு மாதிரியே விட்டு விட்டு வருதுங்க" என்றபோது, அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கால்மணி நேரம் போனபின் விளக்கு அடங்கியது. அதற்குள் பீரோவிலிருந்து, செல்போன் சிம்மில் இணையம் தரும் பழைய டேட்டா கார்டைத் தேடி லேப்டாப்பில் செருகியிருந்தேன். ஆமை வேகம்தான். கறுப்புத் திரைக்கு அது போதும்.

உள்ளே போய்ப் பார்த்தேன். வேலை பாதியில் நின்றிருந்தது. ஆனால் எதுவும் கெட்டிருக்கவில்லை. எது முடிந்தது, எது பாக்கி என்று அந்த இயங்குதளமே குறித்து வைத்திருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. இந்த முறை மறந்த அந்தச் சொல்லை முதலில் தட்டினேன். பிறகு கட்டளையைக் கொடுத்தேன். வரிகள் மெல்ல ஓடத் தொடங்கின.

எல்லாம் முடிந்து, முறைப்படி மறுதொடக்கம் செய்யும்போது மணி நாலேகால். அக்காவைத் திரையைப் பார்க்கச் சொன்னேன். என்னென்னவோ ஓடுகிறது என்றார். ஓடுவது நின்றுவிட்டது என்றார். கடைசி வரியில் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"லாகின்னு கேக்குதுங்க மேடம்."

பெட்டி எழுந்துவிட்டது. விண்ணப்பங்களைத் திறந்து பார்த்தேன். அத்தனையும் இருந்தன. முதல் வேலையாக இன்னொரு பிரதியை எங்கள் அலுவலகக் கணினிக்கு அனுப்பினேன்.

நான் சொன்னபடி அணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்டார். மறைக்காமல் சொன்னேன்: பெரும்பாலும் எல்லாம் போயிருக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே ஓடி வந்திருப்பேன், தப்பு முழுக்க என்னுடையது. அவர், "அப்ப பாப்பாவைப் பாக்குற வாய்ப்பைத்தான் நான் கெடுத்துக்கிட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை சேர்க்கை நடந்தது. மேலாளரிடம் ராகு காலத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்சம் திட்டினார். வீட்டிலிருந்து பார்க்கும் வேலையை மட்டும் பறிக்கவில்லை.

இப்போதும் ஒன்று கெட்டுவிட்டது என்று தோன்றியதும் என் கை அணைக்கும் பொத்தானுக்குத்தான் போகிறது. ஆனால் எதையும் அணைக்கும் முன், அதன் பக்கத்தில் நிற்பவரிடம் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று ஒரு முறை கேட்டுவிடுகிறேன், அந்தப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே என் பயம் பாதி குறைந்துவிடுகிறது.