திட்டிக்கொண்டே வந்த டாக்டர்

ஜோலார்பேட்டையில் டீக்கடை, காட்பாடியில் மூட்டை தூக்கல், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு என்று சுற்றிவிட்டு, எழுபதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாவதோடு நின்றவனுக்குச் சோறும் படுக்க இடமும் கொடுத்தார்கள். போதும் என்றிருந்தது.

அங்கே கண் டாக்டராக மேற்படிப்பு உண்டு. வருஷத்துக்கு ஒரே இடம். பரீட்சை வைத்து இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். அவர்கள் ஒரு வாரம் எங்களோடு வேலை செய்ய வேண்டும். பிறகு பெரிய டாக்டரம்மா நர்சுகளையும் வார்டு ஆட்களையும் தனித்தனியாக விசாரிப்பார். எங்களைப் போன்றவர்களிடம் அபிப்பிராயம் கேட்ட இடம் நான் பார்த்தவரை அது ஒன்றுதான்.

அந்த வருஷம் வந்தவர்களில் ஒருவர் மார்க்கில் முதல். சிரித்த முகம். எல்லோரையும் அண்ணே, அக்கா என்பார். இன்னொருவர் தட்டுத் தடுமாறித் தேறியவர். போன வருஷமும் வந்து திரும்பியவர். இந்தத் தடவையும் இல்லையென்றால் குடியாத்தத்துக்கு வந்து தறியைப் பார் என்று அவர் அப்பா சொல்லிவிட்டாராம். எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு. யாருக்கு இடம் என்று நாங்கள் முதல் நாளே பேசி முடித்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மெஸ்ஸில் பிரியாணி. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் தெறித்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மற்ற டாக்டர்கள் ஆபரேஷனில் இருந்ததால் மெஸ்ஸுக்கு ஓடினேன். முதல் மார்க்குக்காரர் சிரித்தபடி, "உக்கார வைங்கண்ணே, சாப்ட்டு வந்துர்றேன்" என்றார். மற்றவர் இலையை விட்டு எழுந்தார். "நான் சோத்துல கை வெச்சாதான் உங்களுக்கு ஆள் வருமா?"

வழியெல்லாம் என்னைத் திட்டினார். கண்ணை அங்கேயே கழுவாமல் இன்னா பண்ணீங்க என்று கூட வந்தவர்களைத் திட்டினார். திட்டிக்கொண்டே இமையை விரல்களால் விரித்துப் பிடித்து, விடாமல் தண்ணீர் ஊற்றினார். சட்டை தொப்பலாகிவிட்டது. அந்த ஆளுக்குப் பார்வை போகவில்லை.

விசாரணையில் என் முறை வந்தபோது டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான். "அவசரம்னா இவங்க ரெண்டு பேர்ல யாரைக் கூப்பிடுவீங்க?"

சொன்னேன்.

"அவரு திட்டுவாரே?"

"திட்டுவாரும்மா. ஆனா வந்துடுவாரு."

நர்சுகளும் அதையே சொன்னார்களாம். இடம் அவருக்குக் கிடைத்தது. அதற்காக அம்மா மார்க்கை ஒதுக்கிவிடவில்லை. மாசாமாசம் நானே பரீட்சை வைப்பேன், தேறவில்லையென்றால் அனுப்பிவிடுவேன் என்று எல்லோர் எதிரிலும் அவரிடம் சொன்னார். முதல் மார்க்குக்காரரையும் கூப்பிட்டு, ஏன் எடுக்கவில்லை என்பதை நேரடியாகச் சொல்லி அனுப்பினார். அந்த நேர்மையை இன்றும் மெச்சுகிறேன்.

எங்களிடம் பேசுவது பற்றி அம்மா அவருக்கு இன்னொரு நிபந்தனையும் போட்டிருக்கிறார் போலிருக்கிறது. திங்கட்கிழமை காலை டாக்டர் என் முன்னால் வந்து நின்றார்.

"வணக்கம்யா," என்றார், சண்டைக்கு வந்தவர் மாதிரி. "இன்னா பாக்கற? ட்ரேயை எடு."