அரண்மனைக்குப் போன மூன்று பேர்

என் தோழி தன் கணவனின் வேலைக்காக ஜெர்மனிக்குக் குடிபோய் ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் இங்கே மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். காலையில் கிள்ளானில் ஒன்றாக ரயில் ஏறுவோம். மத்தியானம் ஒரே வாழையிலைக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் ரசத்தை நானும் என் அப்பளத்தை அவளும் எடுத்துக்கொள்வோம். அவள் போனபிறகு அந்தக் கடைக்கு நான் போகவில்லை.

போன டிசம்பரில்தான் அவளைப் பார்க்கக் கிளம்பினேன். பக்கவாதத்திலிருந்து தேறிவிட்ட அப்பாவைப் பக்கத்து ஊரான மேருவில் இருக்கும் தம்பி வீட்டில் விட்டேன். தோழிக்குப் பிடித்த நெத்திலி சம்பலை நானே வறுத்துப் பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டேன். அவள் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஐயோ, இதுல பாதிய அக்காவுக்குக் குடுக்கணும்."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் தானாகவே தெரிந்துவிட்டது. பக்கத்து ஊர் அரண்மனையைப் பார்த்துவிட்டு, அதன் வாசலில் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போவதாகத் திட்டம். நாங்கள் இரண்டு பேரும்தான் போகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். ரயில் நிலையத்தில், முழங்கால் வரை கறுப்புக் கோட்டும் நெற்றியில் சின்னப் பொட்டுமாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இளம்வயதிலேயே ஜெர்மனிக்கு வந்தவர். தோழியின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார்.

"வாங்கோ, வாங்கோ. உங்களைப் பற்றி இவ நிறையச் சொல்லியிருக்கிறா. குளிருதோ?" என்றார். கேட்டுக்கொண்டே என் தோழியின் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவளும் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றாள். கிள்ளானில் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவள்! இங்கே கைப்பையைத் தூக்க ஆள் வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ரயிலில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். என்னையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளத்தான் பார்த்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏதோ ஒரு பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி அதை விளக்குவார்கள். விளக்கிய வேடிக்கைக்கு யாருக்குச் சிரிப்பு வரும்? எல்லாவற்றையும்விட அவள் தமிழ்தான் என்னைச் சுட்டது. அக்கா எதையாவது கேட்டால் அவள் "ஓம்" என்றாள். எங்கள் 'ஆமாலா' எங்கே போனது? "தேத்தண்ணி குடிப்பமா?" என்று வேறு கேட்டாள். என்னோடு போனில் பேசும்போது ஒருநாளும் அவள் இப்படிப் பேசியதில்லை. எனக்கென்று ஒரு தமிழை எடுத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

அரண்மனை மஞ்சள் நிறத்தில் நீளமாகக் கிடந்தது. பனி கொட்டும் என்று நான் ஆசைப்பட்டு வந்தேன். பனியைக் காணோம், சாம்பல் வானமும் தூறலும்தான். உள்ளே மரத்தரை கெட்டுவிடக் கூடாதென்று, காலணிக்கு மேலேயே போட்டுக்கொள்ளப் பெரிய கம்பளிச் செருப்புகள் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது, வழுக்கித்தான் போக வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடிகள் பதித்த ஒரு பெரிய கூடத்தில், வழிகாட்டி ஜெர்மனில் ஏதோ சொல்லிக்கொண்டு முன்னால் போனார். அக்கா அதைத் தமிழில் சொன்னார்: ராஜ குடும்பத்தார் குளிர்காலத்தில் இங்கே தங்கவே மாட்டார்களாம், இவ்வளவு பெரிய இடத்தைச் சூடாக்க விறகு போதாதாம். "எங்கட ஹீட்டர் மாதிரி" என்று அவர் சேர்த்ததும் தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதுவும் எனக்குத் தெரியாத கதை.

எதிர்க் கண்ணாடியில் மூன்று பேரும் தெரிந்தோம். அவர்கள் இருவரும் ஒட்டி நின்றார்கள், நான் ஓர் ஆள் இடம் விட்டு. என்னால் பொறுக்க முடியவில்லை. அலுவலகத்தில் தரையைக் கழுவும் நாட்களில் நாங்கள் இருவரும் கைகோர்த்துச் சறுக்கி, மேனேஜரிடம் திட்டு வாங்கியிருக்கிறோம். அது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். "வாடி!" என்று அவள் இடது கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

அவள் அலறிவிட்டாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"அந்தக் கையைப் பிடிக்காதேங்கோ!" அக்கா என்னை விலக்கிவிட்டு அவளைத் தாங்கிக்கொண்டார். தோழி வலியில் கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னாள்.

அதன்பிறகு நான் எந்த அறையையும் பார்க்கவில்லை.

வெளியே வரும்போதே இருட்டத் தொடங்கியிருந்தது. சந்தையில் மரக் கடைகள் வரிசையாக விளக்கேற்றி நின்றன. சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாமின் வாசனை. எங்கள் ஊர் இரவுச் சந்தை ஞாபகம் வந்து, "நம்ம பாசார் மாலாம் மாதிரியே இருக்குலா" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தோழி உருளைக்கிழங்கு அடை வாங்க வரிசையில் போய் நின்றாள். நானும் அக்காவும் நின்றுகொண்டே சாப்பிடும் உயர மேசை ஒன்றில், மசாலா போட்ட சூடான ஆப்பிள் சாறோடு தனியே விடப்பட்டோம்.

"உங்களுக்கு இவ சொல்லேல்லையோ?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"என்ன சொல்லல?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் நினைச்சன், உங்களுக்குத் தெரியுமெண்டு. மார்பில கட்டி வந்து ஒப்பரேசன் செய்தது. அக்குளுக்குள்ளயும் வெட்டி எடுத்தவை. அதுதான் அந்தக் கையால பாரம் தூக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது. இப்ப சுகம். மருந்து மட்டும் எடுக்கிறா."

அவள் கணவன் அப்போது வேலை விஷயமாக வேறு நாட்டில் இருந்தாராம். அவர் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் கூட இருந்தது இந்த அக்காதான். முடி கொட்டியபோது மிச்சத்தை மழித்துவிட்டதும் இவர்தான்.

எனக்கு முதலில் பயம் வந்திருக்க வேண்டும், அல்லது அழுகை. வந்தது பொறாமை. அந்தக் கட்டில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தது நீங்களா? அவள் தலையைத் தொட்டது உங்கள் கையா? அது என் இடம் என்று அந்த நல்ல மனுஷியின் முகத்தைப் பார்த்து மனதுக்குள் கத்தினேன். சந்தையில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

தோழி அடைத் தட்டோடு வந்தவள் எங்கள் முகங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அக்கா ஏதோ வாங்குவதாகச் சொல்லி நகர்ந்தார்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"உங்கப்பா விழுந்து கிடந்த நேரம்லா அது. நீ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கிட்டு இருந்த. நான் வேற சொல்லணுமா?"

"சொல்லியிருக்கணும்."

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"அழுதிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றாள். தட்டை என் பக்கம் தள்ளினாள். "எல்லாருக்கும் நான் சீக்காளியாத்தான் இருந்தேன். நீ போன் பண்ணி ரயில் லேட்டு, தம்பி பொண்டாட்டி அப்படிப் பேசுனா இப்படிப் பேசுனான்னு திட்டுவ பாரு, அந்த நேரம் மட்டும்தான் நான் பழைய ஆளு. அதைக் கெடுத்துக்க மனசு வரல."

நல்ல பதில்தான். யாரிடமாவது சொன்னால் கண் கலங்குவார்கள். எனக்கு அது போதவில்லை. அவள் சிரிப்பதற்கு நான், அழுவதற்கு இன்னொருத்தி என்று பிரித்துவிட்டாளே, எனக்கு இரண்டும் வேண்டும். அப்படியே சொன்னேன். "உனக்குப் பேராசைடி" என்று வலது கையால் என் மண்டையில் தட்டினாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆறிப்போன அடையை அழுதுகொண்டே தின்றேன். அதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் கொடுத்திருந்தார்கள். அந்தச் சேர்மானம் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பும் ரயிலில் தோழி கழிவறைக்கு எழுந்து போனதும், நான் அக்காவிடம் அவர் போன் நம்பரைக் கேட்டேன். "அவ செக்கப் போயிட்டு வந்தா எனக்குச் சொல்வீங்களா? அவ சொல்ல மாட்டா."

அவர் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். என் மனதில் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். "சொல்லுறன், பிள்ளை" என்று நம்பரைக் கொடுத்தார்.

இப்போது நான் கிள்ளானில் இருக்கிறேன். ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் அக்காவின் குரல்செய்தி வந்துவிடுகிறது: "எல்லாம் சுகம், யோசிக்காதேங்கோ." அன்று சாயங்காலமோ மறுநாளோ தோழி கூப்பிட்டு, சாவகாசமாக நாலு கதை பேசிவிட்டு, போகிற போக்கில் அதே செய்தியைச் சொல்கிறாள். இப்போதெல்லாம் அவளே சொல்கிறாள். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்டி" என்று அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவளைப் போல நான் சொல்கிறேன். அக்காவின் செய்திகளை நிறுத்தச் சொல்லலாம்தான். சொல்ல எனக்கு மனம் வரவில்லை.