தண்ணீர்க் கிழங்கு

அன்ட்சிராபே மலைநகரக் கடைவீதியில் விடியும் முன்பே அடுப்பு மூட்டி அரிசிப் பணியாரம் சுடுகிற மியாலிக்கு அக்கம்பக்கத்தில் இன்னொரு பெயரும் உண்டு: மீனில்லாத தொட்டிக்காரி. கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர், அதில் ஒரே ஒரு செடி. சதையே இல்லாமல் நரம்பு மட்டும் பின்னிய வலை போன்ற இலை. கிழக்கே தன் ஊர் ஆற்றிலிருந்து கணவன் தொம்போ கொண்டுவந்து நட்டது. அவன் போய்ச் சேர்ந்த பிறகு அவன் நினைவாக மிஞ்சியது அதுதான். தினமும் பாதித் தண்ணீரை மாற்றுவாள். வெயில் ஏறினால் தொட்டியைச் சுற்றி ஈரத்துணி போடுவாள். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படித் தாங்கமாட்டார்கள்.

"இந்தக் குளிர் ஊர்லயே அதுக்குப் புழுங்குதாக்கும்?" என்று பணியாரம் வாங்க வருகிறவர்கள் சீண்டுவார்கள்.

"உங்க வாய்ச்சூடு போதாதா?" என்பாள் மியாலி.

வருஷத்துக்கு ஒருமுறை இலையெல்லாம் அழுகி உதிரும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டால் நாம்தான் ஏமாளி. மணலுக்கடியில் கிழங்கு தூங்குகிறது, அவ்வளவுதான். அப்போது அதை எடுத்து ஈரமணல் கிண்ணத்தில் புதைத்து அடுப்படி மூலையில் வைப்பாள். இந்த வருஷமும் வைத்தாள். கிழக்கிலிருந்து நாத்தனார் சுவாவெலு வந்திறங்கியதும் அந்த வாரம்தான்.

வியாபாரம் முடித்து மியாலி வீட்டுக்குள் நுழைந்தால், கிண்ணத்தில் மணல் மட்டும் இருக்கிறது. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி! இதுல இருந்த கிழங்கு எங்க?"

"வெந்துக்கிட்டிருக்கு. சும்மா கிடந்து வீணாப் போகுதேன்னு போட்டேன்."

"ஐயோ, அது அவரு வச்ச செடி அண்ணி! கொன்னுட்டீங்களே!" மியாலி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"அடி கூறுகெட்டவளே, நாங்க ஆத்தங்கரைக்காரங்க. தலையை வெட்டித் தண்ணிக்குக் குடுக்காம கிழங்கை உலையில போடுவோமா? அங்க பாரு."

தொட்டி மணலில், குருத்தோடு ஒரு துண்டு நட்டிருந்தது. மியாலிக்குப் போன உயிர் திரும்பியது.

மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்: "இதைப் போயி யாராச்சும் திம்பாங்களா?"

"புயல் வந்து நெல்லெல்லாம் போன வருஷம் இதுதாண்டி எங்களுக்குச் சோறு. நானும் உம்புருஷனும் முங்கி முங்கித் தோண்டுவோம். அழகுக்கா கொண்டாந்திருப்பான்? பசின்னு வந்தா வீட்டுக்குள்ளயே ஒண்ணு இருக்கட்டும்னுதான்."

"அழகுக்குன்னுதான் எங்கிட்ட சொன்னாரு. பசியைப் பத்தி ஒருநாளும் வாயைத் தொறக்கலியே."

வெந்த கிழங்கில் உப்பைத் தூவி சுவாவெலு அவள் கையில் வைத்தாள்.

"உன் வீட்டுல அவனுக்குப் பசிச்சாத்தானே சொல்லுவான்."