தராசில் ஏறிய டயர்

ஒரு டயர் வாங்க எங்கள் வீட்டில் பதினெட்டு நாள் ஆயிற்று. இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

அத்தா மட்டாஞ்சேரியில் சுக்கு வியாபாரம் செய்தார். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் விற்றுத் தள்ளிய கனத்த மோட்டார் சைக்கிள் ஒன்று, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சைடுகாரோடு, இரண்டு மூன்று கை மாறி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. அதன் பின் டயர் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பாலக்காட்டில் சின்னம்மாவுக்கு நிக்காஹ். அம்மாவுக்குக் கூடப் பிறந்த தங்கை அவள் ஒருத்திதான். அவளைப் பார்த்தே மூன்று வருஷம் ஆகியிருந்தது. ரயிலில் போகலாமே என்று அம்மா சொன்னதை அத்தா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, முன்பு ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும் "மச்சானுக்குக் காலுதான் வண்டி" என்று சொல்லிச் சிரித்திருந்தார். கல்யாணம் நடக்கும் அவர் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில்தான் போய் இறங்குவது என்று அத்தா முடிவு கட்டிவிட்டார்.

தோப்பும்படி மெக்கானிக் முதல் நாளே சொன்னார்: "ராவுத்தரே, இதுக்கு மூணரை இஞ்ச் டயராக்கும். நாலு வேண்டாம், செயினில உரசும்." பழைய டயரின் பக்கவாட்டிலும் அதே அளவுதான் அச்சாகியிருந்தது. நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கே அது தெரிந்தது. விரலை வைத்து வாசித்தும் காட்டினேன்.

"நீ போடி அங்கிட்டு. மூணு ஆளு, பெட்டி, அல்வா டின்னு, இத்தனையும் சுமக்கண்டாமா? வலிய டயர், நாலு இஞ்சுதான் வேணும்," என்றார் அத்தா. பிறகு தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் யோசனை கேட்டார். ஆயுளில் மோட்டார் சைக்கிளில் ஏறியே இராதவர்கள்கூட நின்று நிதானமாகச் சொல்லிவிட்டு, சாயாவும் குடித்துவிட்டுப் போனார்கள். சாயா போட்டு அம்மாவுக்குக் கை ஓய்ந்தது.

கடைசியில் டயர் கடைக்காரரிடம் மன்றாடி, இரண்டு அளவிலும் ஒவ்வொன்று ஒரு நாளைக்கு வாங்கிவந்தார். இரண்டையும் தன் சுக்குப் பண்டகசாலைத் தராசில் தொங்கவிட்டார். நான் நின்று பார்த்தேன், பொய் இல்லை. பூச்சி அரித்த சுக்கு எடை நிற்காது, நல்ல சுக்கு கனக்கும். அவருக்குத் தெரிந்த பரீட்சை அது ஒன்றுதான். நாலு இஞ்ச் டயர் இருந்த தட்டு தாழ்ந்தது.

"பாத்தியா, கனம் நிக்குது! இதாக்கும் சரக்கு!"

மெக்கானிக் அதை மாட்டித்தர மறுத்துவிட்டார். மூட்டை சுமக்கும் ஆட்கள் இருவரை வைத்துக்கொண்டு அத்தாவே மாட்டினார். சைக்கிள் பம்பில் அரைகுறையாகத்தான் காற்று ஏறியது. சக்கரம் எதிலும் இடிக்காமல் சுற்றியது. அவர் தெருவையே கூட்டி அதைச் சுற்றிக் காட்டினார். மெக்கானிக்குக்கும் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்.

நிக்காஹுக்கு முதல் நாள் காலையில் கிளம்பினோம். அம்மா பட்டுச்சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, சின்னம்மாவுக்கு எடுத்த சேலையை மடியில் வைத்து, சைடுகாரில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. தோப்பும்படி பெட்ரோல் பங்கில் அத்தா காற்றை முழுதாக அடித்தார். டயர் உப்பியது. பாலத்தைத் தாண்டி, ரயில் நிலையம் இருக்கும் தீவுக்குள் நுழைந்ததும் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. கொஞ்ச தூரத்தில் படாரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், செயின் டயரின் பக்கத்தை அரத்தால் அறுத்த மாதிரி அறுத்திருந்தது.

வண்டி நின்ற இடத்திலிருந்து ரயில் நிலையம் கண்ணுக்குத் தெரிந்தது. பாலக்காடு போகும் ரயிலும் நின்றுகொண்டிருந்தது.

"அம்மா, ஓடினாப் பிடிச்சிரலாம்!" என்று அவள் கையை இழுத்தேன். டிக்கெட்டுக்குப் பணம் அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். அத்தா சக்கரத்தருகே குந்தியிருந்தார், தலை நிமிரவில்லை. அம்மா ரயிலைப் பார்த்தாள். பிறகு வியர்வை ஒழுகும் அவர் முதுகைப் பார்த்தாள்.

"வீட்டுக்கே போவோம்ங்க. வெயிலு ஏறுது," என்றாள்.

அன்று மத்தியானம் அம்மா பாலக்காட்டுக்கு ஒரு கார்டு எழுதி, தபால் பெட்டியில் போட என்னிடம் கொடுத்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'புறப்படும் நேரத்தில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். பிள்ளையின் அத்தா வண்டியைத் தயாராக வாசலில் நிறுத்தியும் வர முடியாமல் போய்விட்டது.'

"எனக்கெங்கம்மா காய்ச்சல்? டயர் போச்சுன்னு எழுதுங்க!"

"மிண்டாம போய்ப் போட்டுட்டு வாடி."

போட்டுவிட்டு வந்தேன். பாலக்காட்டில் எல்லோரும் என்னை நோஞ்சான் என்று நினைப்பார்களே என்ற ஆத்திரத்தில் மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. தங்கையின் நிக்காஹைப் பறிகொடுத்தவள் அவள். ஆனால் அத்தாவிடம் அவள் ஒரு வேளைகூட முகம் திருப்பவில்லை. எப்போதும்போல அவருக்குச் சோறு வைத்து, எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் காய்ச்சல் யாருக்காக வந்தது என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.